கிழிந்த உடையும் கிராமக் குடும்பமும்

வகுப்பறையில் ஆசிரியர் ஒரு கேள்வி கேட்கிறார். விடை தெரிந்த பிள்ளைகள் கையை உயர்த்துகின்றனர். விடை நன்றாகத் தெரிந்திருந்தும் ஒரு சிறுமி மட்டும் கையை உயர்த்தாமல் தலைகுனிந்திருக்கிறாள். அவளுடைய சட்டை அக்குளில் இரண்டு அங்குலம் பிரிந்திருக்கிறது. கையைத் தூக்கினால் அருகில் இருப்போர் பார்த்துவிடுவர் என்ற கூச்சமே அவளைத் தடுக்கிறது. அச்சட்டையைச் சீர் செய்வதற்கு வேண்டியவை ஓர் ஊசி, சிறிதளவு நூல், பத்து நிமிட நேரம் ஆகிய மூன்றுமே. இத்தகைய காட்சி எந்தக் கிராமப் பள்ளியிலும் காணக்கூடியதே.

ஊராட்சிக் கூட்டங்களில் குடிநீரைப் பற்றியும் சாலையைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் நாம் பேசுகிறோம். கிழிந்த உடையைப் பற்றிப் பேசுவதில்லை. அஃது அவரவர் வீட்டு வேலை என்று விட்டுவிடுகிறோம். முன்னாளில் வீட்டுக்கு வீடு ஒரு பழைய தகரப் பெட்டியில் ஊசியும் நூற்கண்டும் பொத்தான்களும் இருந்தன. அவற்றைக் கையாளத் தெரிந்த பாட்டியும் இருந்தாள். ஆயத்த உடைகள் பெருகிய இக்காலத்தில் ஊசி இருக்கிறது, கைப்பழக்கம் அருகிவிட்டது. ஒரு சிறு கிழிசலுக்காக நல்ல உடை கரித்துணியாகிவிடுகிறது. இவ்வழக்கத்தால் குடும்பத்தின் பணம் வீணாகிறது. புதிது வாங்க இயலாத வீட்டில், அச்சிறுமியைப் போன்றவர்களின் ஊக்கமும் வீணாகிறது.

உடையைப் பழுதுபார்ப்பது கடினமான கலையன்று. ஆனால் எல்லாக் கிழிசலுக்கும் ஒரே மருந்து கிடையாது. பயிருக்கு வந்த நோயை அறிந்து மருந்து தெளிப்பதைப் போலவே, துணியின் அமைப்பையும் கிழிசலின் வகையையும் அறிந்து ஊசி எடுத்தல் வேண்டும். அம்முறைகளை இங்குச் சுருக்கமாக எடுத்துரைப்போம்.

இருவகைத் துணிகள்

நாம் உடுத்தும் துணிகளைப் பெரும்பாலும் இரண்டு வகையில் அடக்கலாம். ஒன்று நெய்த துணி. மற்றொன்று பின்னிய துணி. வேட்டி, சேலை, துண்டு, சட்டைத் துணி, போர்வை முதலியன நெய்தவை. அவற்றில் பாவு நூல் நீளவாட்டிலும் ஊடை நூல் குறுக்காகவும் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கடந்து செல்கின்றன. ஒரு நூல் அறுந்தால் அவ்விடம் மட்டுமே நலியும். பக்கத்து நூல்கள் தத்தம் இடத்தில் நிற்கும்.

பனியன், காலுறை, கம்பளிச் சட்டை முதலியன பின்னியவை. இவற்றின் தன்மையை உழவர்கள் வேறோர் இடத்தில் முன்பே கண்டிருக்கிறார்கள். உர மூட்டையின் வாயைப் பிரிக்கும்போது நூலின் சரியான முனை கையில் அகப்பட்டுவிட்டால், ஒரே இழுப்பில் தையல் முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். மறுமுனையை இழுத்தால் வராது. காரணம் என்ன? அது சங்கிலித் தையல். ஒரு கண்ணியின் உள்ளிருந்து அடுத்த கண்ணி புறப்படுகிறது. அதனுள்ளிருந்து இன்னொரு கண்ணி. கடைசிக் கண்ணி பூட்டப்பட்டிருக்கும் வரை சங்கிலி நிற்கும்; பூட்டு அவிழ்ந்தால் எல்லாம் அவிழும். பனியனும் கம்பளிச் சட்டையும் இத்தகைய கண்ணிகளை வரிசை வரிசையாகக் கோத்தவையே. ஆகவே ஒரு கண்ணி அறுந்தால் அதனோடு நில்லாது, ஏணிப்படியைப் போல் வரிசையாக ஓடத் தொடங்கும். நெய்த துணியின் கிழிசல் ஒரு நாள் காத்திருக்கலாம்; பின்னிய துணியின் கிழிசல் காத்திராது.

கையிலுள்ள துணி எவ்வகை என்று ஐயமிருந்தால் அகலவாட்டில் மெல்ல இழுத்துப் பார்க்கலாம். நன்றாக நீண்டு மீண்டும் சுருங்கினால் அது பெரும்பாலும் பின்னியதாக இருக்கும். கண்ணருகே வைத்துப் பார்த்தால் கண்ணிகளின் வரிசை புலப்படும்.

ஊசி எடுக்குமுன்

எவ்வகைத் துணிக்கும் பொதுவான சில விதிகள் உண்டு. முதலாவது, கிழிந்த துணியைக் கல்லில் அடித்துத் துவைக்குமுன் தைத்துவிட வேண்டும். ஓர் அங்குலக் கிழிசல் துவைகல்லில் மூன்று அங்குலமாகிவிடும். அழுக்கு மிகுந்திருந்தால் அவ்விடத்தை மட்டும் கையால் அலசி உலர்த்திய பின் தைக்கலாம்.

இரண்டாவது, நூல் துணியைவிட வலியதாக இருத்தல் கூடாது. பழைய பருத்தித் துணியை நைலான் நூலால் இறுக்கித் தைத்தால், நூல் அறாது, துணியை அறுத்துவிடும். அத்துணியின் ஓர மடிப்பிலிருந்தே இரண்டோர் இழைகளை உருவி எடுத்துத் தைப்பது மிகச் சிறந்தது. நிறமும் பருமனும் தாமே பொருந்தும். கடை நூல் வாங்க நேரின், துணியைவிடச் சற்று அடர்ந்த நிறத்தில் வாங்குக. வெளிறிய நூலே கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்.

மூன்றாவது, நூலின் நீளம் ஒன்றரை முழத்திற்கு மேற்படலாகாது. நீண்ட நூல் முறுக்கேறிச் சிக்கும். துணியினூடே பலமுறை உரசித் தேயும். தொடக்கத்தில் பெரிய முடிச்சுப் போடுவதைவிட, அதே இடத்தில் இரண்டு சிறு தையல்கள் போட்டுத் தொடங்குவதே நன்று. முடிச்சு உடம்பை உறுத்தும்; நைந்த துணியில் உருவிக்கொண்டும் வந்துவிடும்.

நான்காவது, ஒட்டுப் போடுவதற்குப் புதிய துணியைப் பயன்படுத்துவதானால் அதை முதலில் நனைத்து உலர்த்திக் கொள்ள வேண்டும். இல்லையேல் முதல் துவைப்பிலேயே அது சுருங்கிச் சுற்றியுள்ள பழைய துணியை இழுத்துக் கிழித்துவிடும்.

நெய்த துணியின் கிழிசல்கள்

தையல் பிரிதல்: துணி கிழியாமல் நூல் மட்டும் அறுந்திருந்தால் வேலை எளிது. உட்புறத்தைத் திருப்பி, பிரிந்த இடத்திற்கு அரை அங்குலம் முன்னதாகத் தொடங்கி, அரை அங்குலம் அப்பால் வரை கெட்டித் தையல் போட வேண்டும். கெட்டித் தையலாவது, ஊசியை முன்னே செலுத்தி, மீண்டும் பாதி தூரம் பின்வாங்கிக் குத்தி, பின் முன்னேறுவது. அக்குளில் நூலுக்குப் பதில் துணியே கிழிந்திருந்தால், அதே கோட்டில் மறுபடியும் தைப்பதில் பயனில்லை. சட்டை இறுக்கமாக உள்ளது என்பதே அதன் பொருள். இரண்டு அங்குலச் சதுரத் துண்டு ஒன்றை, அதன் ஒரு மூலை கையை நோக்கியும் எதிர்மூலை இடுப்பை நோக்கியும் அமையுமாறு வைத்துச் சுற்றிலும் தைத்தால், கை தாராளமாக உயரும், கிழிசலும் மீளாது. வளரும் பிள்ளைகளின் உடைக்கு இது பெரிதும் பொருந்தும்.

முள் கிழிசல்: வேலி முள்ளிலோ கம்பியிலோ மாட்டிய துணி பெரும்பாலும் ‘ட’ என்னும் எழுத்தைப் போலக் கிழியும். பாவு நூல்கள் ஒரு பக்கமும் ஊடை நூல்கள் மறுபக்கமும் அறுபடுவதால் அவ்வடிவம் உண்டாகிறது. விளிம்புகளை மடித்துத் தைத்தல் கூடாது. துணி சுருங்கிக் கோணலாகிவிடும். விளிம்போடு விளிம்பைச் சேர்த்து, அடியில் மெல்லிய பழந்துணி ஒன்றை வைத்து, முதலில் மூலையைப் பிடித்துத் தைத்துக் கொள்க. பின்னர் கிழிசலின் இருபுறமும் கால் அங்குலம் பரவும்படி, கிழிசலைக் குறுக்கே கடந்து கடந்து நெருக்கமாக இழை ஓட்டுக. இரண்டு பக்கத்து இழைகளும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், நலிந்த இடமே வலிய இடமாகிவிடும்.

சிறு ஓட்டை: ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சிறிய ஓட்டையை இழையோட்டி அடைக்கலாம். இது ஊசியால் நெய்தலே. ஓட்டைக்கு அரை அங்குலம் அப்பால் நல்ல துணியில் தொடங்கி, பாவின் போக்கில் இணை கோடுகளாக இழைகளை இழுத்துக் கட்டுக. பின்னர் அவற்றின் குறுக்கே, ஓர் இழைக்கு மேலும் அடுத்த இழைக்குக் கீழுமாக ஊசியைச் செலுத்தி வருக. மறு வரிசையில் மேலும் கீழும் மாற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் நூலை இறுக்காமல் ஒரு சிறு வளைவு விட்டு வைக்க வேண்டும். நனைந்த நூல் சுருங்குவதற்கு அஃது இடமளிக்கும்.

பெரிய ஓட்டை: இதற்கு ஒட்டே தகுந்தது. ஓட்டையைவிட நாற்புறமும் முக்கால் அங்குலம் பெரிதாகத் துண்டு வெட்டி, ஓரங்களைக் கால் அங்குலம் மடித்து, உட்புறமாக வைத்துச் சுற்றிலும் தைக்க வேண்டும். பின் வெளிப்புறம் திருப்பி, பிசிறுகளைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலைகளிலும் சிறிது கீறி, விளிம்பை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். ஒட்டின் பாவும் துணியின் பாவும் ஒரே திசையில் இருத்தல் இன்றியமையாதது. திசை மாறினால் இரண்டும் வெவ்வேறாகச் சுருங்கி, ஒட்டு உப்பிக் கொள்ளும்.

நைந்த இடம்: ஓட்டை விழுவதற்கு முன்னரே துணி தன் நிலையை அறிவிக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் சல்லடைபோல் தோன்றும். அப்போதே அடியில் ஒரு துண்டை வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிட்டால் உடை நெடுநாள் உழைக்கும். சட்டையின் கழுத்துப்பட்டை மடிப்பில் நைந்திருந்தால், பட்டையை மட்டும் பிரித்து, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பித் தைக்கலாம். போர்வை நடுவில் நைந்து ஓரத்தில் உறுதியாக இருந்தால், நடுவே நீளவாட்டில் இரண்டாக வெட்டி, உறுதியான இரு கரைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து நடுவாக்கி, வெட்டிய விளிம்புகளை மடித்து ஓரமாக்கலாம்.

பின்னிய துணியின் கண்ணிகள்

பின்னிய துணியில் ஓட்டையைக் கண்டவுடன் செய்ய வேண்டியது, ஓடும் கண்ணியைப் பிடித்து நிறுத்துவதேயாகும். அவிழ்ந்த கண்ணியில் ஓர் ஊக்கைக் கோத்துவிட்டால் அது மேலும் ஓடாது. தைப்பதற்கு நேரம் கிடைக்கும் வரை அந்த ஊக்கே காவல்.

கண்ணி ஓடிய இடத்தைக் கூர்ந்து பார்த்தால், ஏணியின் படிகளைப் போலக் குறுக்கு இழைகள் தெரியும். இங்குத்தான் குரோஷா ஊசி பேருதவி புரிகிறது. முனையில் கொக்கியுள்ள அவ்வூசியை அடியிலுள்ள கண்ணியில் நுழைத்து, அதற்கு மேலுள்ள முதல் குறுக்கு இழையைப் பிடித்து, கண்ணியினூடே வெளியே இழுக்க வேண்டும். அவ்விழை புதிய கண்ணியாகிறது. அதனுள் கொக்கி இருக்க, அடுத்த குறுக்கு இழையைப் பிடித்து இழுக்க வேண்டும். இவ்வாறு படிப்படியாக மேலேறி, கடைசிக் கண்ணியைப் பக்கத்துக் கண்ணியோடு ஒரு நூலால் கட்டிவிட்டால் பழுது இருந்த இடம் தெரியாது. கம்பளிச் சட்டைக்குப் பருத்த ஊசியும், பனியனுக்கு மிக மெல்லிய எஃகு ஊசியும் வேண்டும்.

பனியனின் தையல் பிரிந்தால், நேர்கோட்டில் இறுக்கித் தைப்பது தவறு. துணி நீளும், நூல் நீளாது, எனவே தலைவழியே மாட்டும்போதே நூல் அறுந்துவிடும். வளைந்து வளைந்து செல்லும் தையலாகத் தளர்வாகப் போட வேண்டும்.

காலுறையின் குதிகாலும் கம்பளிச் சட்டையின் முழங்கையும் விரைவில் நையும். அவ்விடங்களில் அதே பருமனுள்ள நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, பழைய கண்ணியின் வழியையே பின்பற்றி அதன்மேல் மறு கண்ணி இட்டு வரலாம். ஓட்டை விழுந்துவிட்டால் முன்சொன்னபடி இழையோட்டி அடைக்கலாம். மழமழப்பாகத் தேய்த்த கொட்டாங்கச்சி ஒன்றைக் காலுறைக்குள் வைத்து, அதன் குவிந்த புறத்தின்மேல் துணியைப் பரப்பித் தைத்தால், தையல் சுருங்காது.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் கம்பளி உடை தேவைப்பொருள். கையால் பின்னிய கம்பளிச் சட்டை பழையதானால் அதன் நூலை மீட்டுப் பயன்படுத்தலாம். முதலில் பக்கத் தையல்களைப் பிரித்து, பின்னி முடித்த கடைசி வரிசையிலிருந்து அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த நூலை நாற்காலியின் முதுகைச் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெந்நீரைத் தவிர்த்துத் தண்ணீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டு உலர்த்தினால் சுருள் நீங்கிவிடும். பெரியவரின் சட்டை ஒன்றில் குழந்தையின் சட்டையும் குல்லாயும் தேறலாம். ஆனால் பின்னிய துணியை வெட்டித் தைத்த ஆயத்த உடைகளை இவ்வாறு அவிழ்க்க முற்படலாகாது. வரிசைதோறும் நூல் வெட்டுண்டிருக்கும். துண்டு துண்டாகவே வரும். எதை வாங்கும்போதும் எதை அவிழ்க்கும்போதும் உட்புறத் தையலைப் பார்ப்பது நல்லது.

குரோஷா ஊசியின் உதவி

குரோஷா ஊசி ஓடிய கண்ணியை ஏற்றுவதோடு நில்லாது, பிசிறும் ஓரத்தையும் காக்கும். துண்டு, கைக்குட்டை, தலையணை உறை ஆகியவற்றின் ஓரம் நைந்தால், பிசிறை வெட்டிச் சிறிது மடித்து, காஜா எடுப்பதுபோல் ஊசியால் சுற்றிலும் கால் அங்குல இடைவெளியில் தைத்துக் கொள்க. ஓரத்தில் நூல் வளைவுகள் வரிசையாக அமையும். இனி குரோஷா ஊசியை ஒரு வளைவில் நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மீண்டும் நூலைப் பிடித்து அவ்விரண்டினூடும் இழுத்தால் ஒரே கண்ணியாகும். இதுவே அடிப்படைப் பின்னல். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு முறையும், மூலைகளில் மூன்று முறையும் செய்து சுற்றி வந்தால் ஓரம் சுருளாமல் உறுதியாக நிற்கும்; அழகும் கூடும்.

இப்பின்னலைத் தொழிலாகக் கற்றுக் கொடுக்கப் பலர் முன்வருகின்றனர். அது நன்றே. ஆயினும் ஊராட்சி உறுப்பினர்கள் ஓர் அனுபவத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஆந்திர மாநிலத்தில் கோதாவரி நதிப் பகுதியிலுள்ள நரசாப்பூர், குரோஷா லேஸுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பெண்கள் வீட்டிலிருந்தபடியே பின்னிய லேஸ் கடல் கடந்து பல நாடுகளுக்குச் சென்றது. மரியா மீஸ் என்னும் ஜெர்மானியச் சமூகவியல் அறிஞர் அப்பெண்களைப் பற்றி ஆராய்ந்து 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களுடைய உழைப்பை இல்லத்தரசியரின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கென்று மற்றவர்கள் கருதினர். அக்காரணத்தாலேயே கூலி மிகக் குறைவாகவும் வாணிகரின் ஆதாயம் மிகுதியாகவும் இருந்தன என்பதை அந்நூல் எடுத்துக் காட்டியது. ஆகவே நம் ஊர்ப் பெண்களுக்குப் பின்னல் வேலை கொண்டு வருவோரிடம், ஓர் உருப்படிக்கு எத்தனை மணி நேரம் ஆகும், அந்நேரத்திற்குக் கிடைக்கும் கூலி வயல் வேலைக்கூலியோடு ஒப்பிட எவ்வளவு என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். வீட்டில் செய்வதால் வேலை, வேலை அல்லாததாகிவிடாது.

ஊராட்சி மன்றங்கள் செய்யக்கூடியவை

ஒட்டுப் போட்ட உடை இழிவு என்னும் எண்ணமே இவ்வேலைக்கு முதல் தடை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941 முதல் 1949 வரை உடைக்குப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. அந்நாட்டு அரசே 1943இல், உள்ளதைச் சீர் செய்து உடுத்துமாறு மக்களுக்கு வழிகாட்டும் சிறு நூலை வெளியிட்டது. அங்கு ஒட்டுத் துணி நாட்டுப்பற்றின் அடையாளமாயிற்று. நம் முன்னோரும் கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்னார்களேயன்றி எறியச் சொல்லவில்லை.

மற்றொரு தடை, இது பெண்களின் வேலை என்னும் எண்ணம். கோணி ஊசியும் சணலும் கொண்டு சாக்கின் கிழிசலை நேர்த்தியாகத் தைக்கும் உழவர், தம் சட்டைக்குப் பொத்தான் தைக்க வெட்கப்படுவது பொருந்தாது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒருங்கே கற்க வேண்டிய கைப்பழக்கம் இது.

செலவு மிகுந்த திட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. திங்களுக்கு ஒரு நாள், பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ ‘சீர் செய்யும் நாள்’ ஒன்றை நடத்தலாம். ஒரு தகரப் பெட்டியில் பல பருமனுள்ள ஊசிகள், கறுப்பு, வெள்ளை, சீருடை நிற நூற்கண்டுகள், இரண்டு குரோஷா ஊசிகள், கத்தரிக்கோல், ஊக்குகள், பழைய சட்டைகளிலிருந்து கழற்றிய பொத்தான்கள், துவைத்த ஒட்டுத் துணிகள் ஆகியவை இருந்தால் போதும். மகளிர் சுய உதவிக் குழுக்களில் தையல் அறிந்தோர் இருப்பர். அவர்களை அழைக்கலாம், கற்பிக்கும் நேரத்திற்கு உரிய ஊதியமும் தரலாம். ஊர் மூத்தோரில் கைத்தையல் வல்லவர்களைத் தேடி அமர்த்துவது அவர்களுக்கும் பெருமை, நமக்கும் ஆதாயம்.

ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும். பிள்ளைகளின் கிழிந்த உடையைப் பலர் முன்னிலையில் சுட்டிக் காட்டலாகாது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசியைக் கொடுத்து, எல்லோருக்கும் பொதுவான பாடமாகக் கற்பித்தால், கிழிந்த சட்டையை அணிந்தவளும் தன் சட்டையைத் தானே சீர் செய்துகொள்வாள்; எவரும் அதனைத் தனியே கவனிக்க மாட்டார்கள்.

அடுத்த முறை கிராம சபை கூடும்போது, சாலைக்கும் விளக்குக்கும் நடுவே இந்தச் சிறு தகரப் பெட்டிக்கும் ஒரு நிமிடம் ஒதுக்குமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம். அச்சிறுமி விடை அறிந்தவள். கை உயர்த்தத் தடையாயிருப்பது இரண்டு அங்குலக் கிழிசல் மட்டுமே. அதைத் தைக்க நம்மால் இயலும்.